மடிப்பண்ணனின் ஆபீஸ்

மடிப்பண்ணன் ஆபீசில் வேலை பார்த்த கதையை, அந்த அறையில் இருந்தவர்கள் இன்றைக்கும் எங்கே சந்தித்துக்கொண்டாலும் பேசாமல் விடமாட்டார்கள். அவர் ஒரு நாள்கூட ஆபீசில் வேலை பார்த்ததில்லை என்பதுதான் அதில் விசேஷம்.

அவர் வேலை பார்த்தது ஒரு சலவைக் கூடத்தில். ஊரிலிருக்கிற பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளில் வந்து இறங்கும். ஒரு பக்கம் இயந்திரங்கள் துவைத்துப் பிழிந்து தள்ளும். மறுபக்கம் ஆள் நீளத்துக்கு ஒரு இஸ்திரி உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வாயிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் விரிப்பைப் பிடித்து, மூலைக்கு மூலை சேர்த்து, மடித்து அடுக்க வேண்டும். அதுதான் அவர் வேலை. கூடம் நிலத்தடியில் இருந்தது. வெளியே எலும்பைக் குடையும் குளிரில் மழை பெய்யும்போது உள்ளே பனியனோடு நின்று வியர்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து ஏறி வந்தால் அந்த ஆவி உடம்போடு நேரே குளிருக்குள் போக வேண்டும். அதனாலேயே அவருக்கு இருமல் ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

கை வேலைக்குப் பழகிவிட்டால் சும்மா இருக்குமா? படித்த பேப்பரை மடிப்பார், பஸ் டிக்கெட்டை மடிப்பார், கூட இருப்பவன் கழற்றிப் போட்ட சட்டையை அவன் குளித்துவிட்டு வருவதற்குள் கடையில் வாங்கியது மாதிரி மடித்து வைத்திருப்பார். அவருக்கு மடிப்பண்ணன் என்று பேர் வைத்தவன் டிரைவர். அதே அறையில் மேல்தட்டுக் கட்டிலில் படுப்பவன், காய்கறி வேன் ஓட்டுபவன், வாய் மட்டும் வேனைவிட வேகமாக ஓடும்.

டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் ஐந்து பேர். ஒரு அடுப்பு. முறை வைத்துச் சமைப்பார்கள். டிரைவர் முறை என்றால் குழம்பில் காரம் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். மடிப்பண்ணன் முறை என்றால் சோறு குழையாமல் உதிரும், குழம்பு மட்டும் சப்பென்று இருக்கும். குளிர் தாங்காமல் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றே சாப்பிட்டார்கள். இப்போது அவர்கள் எல்லாருக்கும் தனித்தனி வீடு, சாப்பாட்டு மேசை, நாற்காலி என்று வந்துவிட்டது. ஆனால் நின்றுகொண்டு தின்ற அந்தச் சோற்றின் ருசி பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை என்பதை ஐந்து பேரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆபீஸ் எப்படி வந்தது என்றால், அது பெண் பார்க்கப் போன இடத்தில் வந்தது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு அங்கே என்ன உத்தியோகம் என்று கேட்டார். மடிப்பண்ணன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த தாய்மாமா, ஆபீஸ்தான், பெரிய கம்பெனி என்று சொல்லிவிட்டு பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் மாமாவை மறுத்துப் பேச முடியுமா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். கல்யாணம் நடந்தது. ஒரு மாதம் மனைவியோடு இருந்தார். அந்த ஒரு மாதத்தில் சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. லீவு முடிந்து திரும்பி வந்தார்.

அப்போதெல்லாம் கையில் வைத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேசும் போன் கிடையாது. தெருமுனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு போன். போன் கார்டைச் சுரண்டி, நம்பரை அமுக்கி, அந்தப் பக்கம் மணி அடிப்பதற்குள் இங்கே கால் விறைத்துப்போகும். அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்த சின்ன செல்போனுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். அவள் எடுத்ததும் சாப்பிட்டீங்களா என்பாள், அடுத்து ஆபீசில் என்ன விசேஷம் என்பாள்.

முதலில் ஒன்றுமில்லை என்று சமாளித்தார். பிறகு அவள் கேட்கிறாளே என்று ஒரு மேனேஜரை உண்டாக்கினார். அவருக்கு எதிர் மேசையில் சிடுமூஞ்சியான கணக்காளர் ஒருவரை உட்கார வைத்தார். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இருவருக்கும் சண்டை மூட்டினார். சரக்கு தீர்ந்துபோனால் டிரைவர் எடுத்துக்கொடுப்பான். மேனேஜருக்கு மூட்டுவலி வரவழைத்தது டிரைவர்தான். அதற்கு அவள் அங்கிருந்து, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று வைத்தியம் சொன்னாள். அடுத்த வாரம் வலி தேவலையா என்றும் மறக்காமல் கேட்டாள். மடிப்பண்ணன் குற்ற உணர்ச்சியில் மேனேஜரைக் குணமாக்கிவிட்டார். அறையில் அன்றைக்கெல்லாம் அதே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவளை அழைத்துக்கொள்ள விசாவுக்கு எழுதிப் போட்டார்கள். அங்கே தூதரகத்தில் அவளைக் கூப்பிட்டு நேர்முகம் வைத்தார்கள். நன்றாகத்தான் பேசினேன் என்றாள். அவர் ஒரு பெரிய பாத்திரம் வாங்கி வைத்தார், திரைச்சீலைக்குத் துணி பார்த்து வைத்தார், டயர்க் கடைக்காரரிடம் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்குச் சொல்லி வைத்தார்.

மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் கடிதம் வந்தது. டிரைவர்தான் வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் வாய் மெதுவாகிக்கொண்டே போனதைப் பார்த்தபோதே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"மறுத்துட்டாங்கண்ணே," என்றான். "உங்க கல்யாணம் உண்மையான கல்யாணம் இல்ல, விசாவுக்காகப் பண்ணினதுன்னு சந்தேகமாம். புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரப் பத்தி ஒருத்தர் சொன்னது எதுவுமே ஒத்துப்போகலயாம்."

மடிப்பண்ணன் கடிதத்தை வாங்கி, வழக்கம்போல் மடிக்கப் போய், மடிக்காமல் அப்படியே கட்டிலில் வைத்தார். அன்றைக்கு அவருடைய சமையல் முறை. சோறு அடிப்பிடித்துக் கரிந்த வாசனை வந்த பிறகுதான் யாரோ போய் அடுப்பை அணைத்தார்கள்.

வக்கீலம்மாவைப் பார்க்கச் சொன்னதும் டிரைவர்தான். இந்த மாதிரி வழக்குகளை மட்டுமே எடுப்பவர், நம்மவர், நியாயமாக இருப்பார் என்று கேள்விப்பட்டிருந்தான். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, தள்ளிப்போட்டால் அவ்வளவுதான் என்று பயமுறுத்தி, காய்கறி வேனிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டான்.

பேக்கரிக்கு மேலே குறுகலான படி ஏறினால் வக்கீலம்மா அறை. கீழே ரொட்டி வேகிற சூடு தரை வழியாக ஏறும். அதனாலேயே வாடகை கூடினாலும் அந்த இடத்தை விடவில்லை என்பார். அறுபதை நெருங்கிய வயது. தோளில் பழைய சால்வை, கரகரத்த குரல். நாற்காலி முழுக்க வழக்குக் காகிதக் கட்டுகள் கிடந்தன. அவற்றைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டீயை மடிப்பண்ணன் இன்றும் சொல்வார், அந்த ஊரில் தனக்கென்று யாரோ ஊற்றிக் கொடுத்த முதல் டீ அதுதான் என்று.

பிறகு கடிதத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னார். மனைவி சொன்னதாவது, கணவருக்கு ஆபீசில் வேலை, தனியாக மேசை, தங்குவதற்குத் தனி அறை. கணவர் கொடுத்த சம்பளச் சீட்டு சலவைக் கம்பெனியுடையது. வாடகைச் சீட்டில் ஒரு அறைக்கு ஐந்து பேர்.

"இதுல எது நிஜம் தம்பி?"

"சீட்டுல இருக்கிறதுதான் மேடம்."

வக்கீலம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். மனைவி அப்பா வீட்டில் இருக்கிறாள், வேலைக்குப் போகவில்லை என்று அவர் எழுதியிருந்தார். அவளோ, பிறந்த வீட்டை விட்டு வந்து வாடகை அறையில் தனியாக இருப்பதாகவும், ஆயத்த ஆடை கம்பெனியில் பெட்டி கட்டுகிற பிரிவில் வேலை பார்ப்பதாகவும் அதிகாரியிடம் சொல்லியிருந்தாள்.

மடிப்பண்ணன் கடிதத்தை எட்டிப் பார்த்தார். வேறு யாருடைய கடிதத்தையோ மாற்றி வாசிக்கிறார்களோ என்று நினைத்தார். இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பேசியிருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னாளா? அண்ணியோடு ஒத்துப்போகாமல் இருந்திருக்கும், அது அவருக்கும் ஓரளவு தெரியும். அதற்காக வீட்டை விட்டு வெளியேறி, கூலி வேலைக்குப் போய், அதைக் கட்டின புருஷனிடமே மறைப்பதா? கோபத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. தன்னை இப்படி ஏமாற்றியிருக்கிறாளே என்று பொருமினார்.

வக்கீலம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "ஆமாமா, நீங்க ஆபீஸ்ல இருந்துக்கிட்டு இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்குவீங்க?" என்றார்.

அவ்வளவுதான். மடிப்பண்ணன் காற்று இறங்கி உட்கார்ந்தார்.

வக்கீலம்மாவும் பிறகு இறங்கிவந்தார். இத்தனை வருஷத்தில் போலிக் கல்யாணங்களையும் பார்த்திருக்கிறேன் என்றார். அவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். பல் தேய்க்கும் பிரஷ் என்ன நிறம் என்று கேட்டால்கூட இரண்டு பேரும் அச்சு அசலாக ஒன்றையே சொல்வார்கள்.

"இப்படி மாத்தி மாத்திச் சொல்லி மாட்டிக்கிறவங்க நிஜப் புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கணும். அது எனக்குத் தெரியும். ஜட்ஜுக்குத் தெரியணுமே," என்றார். "முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் உண்மையச் சொல்லிக்குங்க. அப்புறம்தான் என்னால கோர்ட்டுல சொல்ல முடியும்."

அப்படியே மேசைப் போனை அவர் பக்கம் தள்ளினார். இப்போதா என்றார் மடிப்பண்ணன். வேறு எப்போது, வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும் என்றார் வக்கீலம்மா. எழுந்து போய் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தெருவில் என்னவோ பெரிய வேடிக்கை நடப்பது போல் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் எடுத்ததும் பதறினாள். ஞாயிற்றுக்கிழமை இல்லையே, உடம்புக்கு என்ன என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். சொல்ல வந்ததை வேறெங்கோ சுற்றிக்கொண்டு வந்து கடைசியில் சொன்னார்.

"எனக்கு ஆபீஸ்ல வேலை இல்ல. துணி துவைக்கிற இடம். நான் மடிக்கிற ஆளு. மேனேஜர், கணக்காளர் எல்லாம் நானாச் சொன்னது."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தார்.

"சரிங்க," என்றாள். "அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

பிறகு அவளும் தன் பக்கத்தைச் சொன்னாள். அண்ணி தட்டில் சோற்றைப் போடும்போதே முகத்தையும் போடுவாளாம். அப்பாவுக்கும் வாய் திறக்க முடியவில்லையாம். சண்டை போட்டு வெளியேறாமல் சிரித்த முகத்தோடு வெளியே வந்துவிட்டாளாம். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் மறுநாளே கிளம்பி வந்து நிற்பீர்கள், அப்புறம் இரண்டு பேருமாக எங்கே போவது என்றாள். அது உண்மைதான். அவர் கிளம்பித்தான் வந்திருப்பார். போனை வைத்த பிறகு வக்கீலம்மா திரும்பி வந்து, மிச்சமிருந்த டீயை அவருக்கே ஊற்றினார்.

விசாரணைக்கு நாள் கொடுக்க நெடுங்காலம் ஆயிற்று. அதற்குள் ஒரு குளிர்காலம் வந்து போய் இன்னொன்று வந்துவிட்டது. அந்த இடைக்காலம்தான் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்பது மடிப்பண்ணனின் கட்சி. கண்ணாடிக் கூண்டில் நின்று, உருளையில் கை சுட்டுக்கொண்டதையும், கூடச் சேர்ந்து மடிப்பவன் தூங்கி விழுந்ததையும், துண்டுக்குள் யாரோ விட்டுப்போன பல்செட் வந்ததையும் சொல்வார். அவள் அங்கே பெட்டி கட்டுகிற பிரிவில் மேற்பார்வைக்காரி படுத்தும் பாட்டைச் சொல்வாள். இரண்டு பேருக்கும் சொல்ல உண்மையாகவே அவ்வளவு இருந்தது. பொய்யில் பேசியதைவிட இதில் கார்டு சீக்கிரம் தீர்ந்தது.

விசாரணைக்கு முன்னால் வக்கீலம்மா அவரை நேரிலும் அவளைப் போனிலும் எச்சரித்தார். கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொன்னதாக ஒரு பேச்சு விழுந்துவிட்டால், இந்த விசா மட்டுமல்ல, பல வருஷத்துக்கு வாசல் அடைத்துவிடும். கணவர் தன்னிடம் சொன்னதைத்தான் அவள் அதிகாரியிடம் சொன்னாள் என்று வாக்குமூலத்தில் எழுதியிருந்தார். அது உண்மையும்கூட.

கோர்ட் என்றால் உயரமான மேடையும் சிங்க நாற்காலியும் இருக்கும் என்று மடிப்பண்ணன் பயந்திருந்தார். போய்ப் பார்த்தால் பள்ளிக்கூட வகுப்பறை அளவுக்கு ஒரு அறை. சுவரில் சூடேற்றும் குழாய் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. நீதிபதி வயதானவர், ஜலதோஷம் பிடித்து அடிக்கடி மூக்கைத் துடைத்தார். எதிர்ப்பக்கம் அரசாங்க வக்கீல், சின்ன வயது, கெட்டவன் போலவும் தெரியவில்லை. மேசை நடுவில் சத்தமாகப் பேசும் போன் பெட்டி. அதன் பக்கத்தில் டை கட்டிய மொழிபெயர்ப்பாளர். நம்மவர்தான். யாராவது செருமினால்கூட அதையும் மொழிபெயர்த்துவிடுவார் போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மடிப்பண்ணனின் சாட்சி நல்லபடியாக முடிந்தது. அடுத்து போனில் அவள். பேர், ஊர், கல்யாணத் தேதி எல்லாம் சரியாகச் சொன்னாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் அவள் குரல் அந்த அறையில் கேட்டது. அரசாங்க வக்கீல் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்க கணவர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறார்னு அதிகாரிகிட்ட சொன்னீங்க. அப்ப நீங்க அதை நம்பினீங்களா?"

மொழிபெயர்ப்பாளர் போன் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"இல்லைங்க," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் வக்கீலம்மாவைப் பார்த்தார், பிறகு சொல்லிவிட்டார். வக்கீலம்மாவின் கையிலிருந்த பேனா நின்றது. அரசாங்க வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்போதிலிருந்து தெரியும் என்றார்.

"கல்யாணமான அந்த மாசத்துலருந்தே தெரியும். கையெல்லாம் வெந்து தோல் உரிஞ்சிருந்துச்சு. எழுதுற கை அப்படியா இருக்கும்? கொடியில கிடக்கிற என் புடவைய, பேசிக்கிட்டே, பார்க்காமலே மூலையப் பிடிச்சு மடிச்சிருவாரு. தூக்கத்துல போர்வையவும் மடிச்சு ஓரமா வெச்சுட்டு குளிருல நடுங்குவாரு. நான்தான் எடுத்துப் போத்தி விடுவேன்."

மடிப்பண்ணனுக்கு இது புதுச் செய்தி. அப்படியென்றால் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும், ஒத்தடத்துக்கு உப்பு வறுக்கச் சொன்னபோதும், எல்லாம் தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தாளா?

அரசாங்க வக்கீல் விடவில்லை. தெரிந்திருந்தும் அதிகாரியிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப வரைக்கும் அவர் அதை எங்கிட்டயே சொல்லலியேங்க. எம்மேல இருக்கிற மரியாதைக்கு ஆபீஸ்னு சொல்லிட்டிருந்தாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற ஒரு ஆள்கிட்ட, என் வீட்டுக்காரர் சொல்றது பொய்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவர் வாயால சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாததுதான். அதுக்காக விசா குடுக்க மாட்டேன்னா, அவர் லீவுல வந்து போற மாசத்துல பார்த்துக்கிறேன்னு இருந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னார். மடிப்பண்ணன் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். அழுகை இருமலாக மாறி வெளியே வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்தியும் நிற்கவில்லை.

"அது அவருங்களா?" என்றது பெட்டி. "அழுதா அவருக்கு இப்படித்தான் நெஞ்சு அடைச்சு இருமல் வரும். பச்சத்தண்ணி வேணாம், இருமல் கூடிடும்ங்க. கொஞ்சம் சுடுதண்ணி குடுக்கச் சொல்லுங்க. முதுகைத் தடவி விட யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?"

இதைச் சொல்வதா வேண்டாமா என்று மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். நீதிபதி, அந்த அம்மா என்ன சொன்னார், சொல்லுங்கள் என்றார். சொன்னார். நீதிபதி தன் ஜலதோஷத்துக்காக வைத்திருந்த பிளாஸ்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி, மேசைமேல் மடிப்பண்ணன் பக்கம் நகர்த்தினார். வக்கீலம்மா எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். கோர்ட்டில் அப்படிச் செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை.

அரசாங்க வக்கீல் தாள்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தார். மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார்.

தீர்ப்பு எழுத்தில்தான் வரும், அதற்குச் சில வாரமாகும், அதுதான் முறை என்று நீதிபதி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் போனை அணைக்கக் கையை நீட்டினார். கொஞ்சம் இருங்கள் என்றார் நீதிபதி. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை பனியாக மாறிக்கொண்டிருந்தது.

"இங்க குளிர் அதிகம்னு ஜட்ஜ் உங்ககிட்ட சொல்லச் சொல்றாரும்மா," என்றார் மொழிபெயர்ப்பாளர். அவர் குரலே மாறியிருந்தது. "வரும்போது மறக்காம கம்பளி உடுப்பு எடுத்துட்டு வரணுமாம்."

வக்கீலம்மா மடிப்பண்ணனின் தோளை இறுக்கிப் பிடித்தார். போன் பெட்டியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அதெல்லாம் போன வருஷமே என் சம்பளத்துல எடுத்து வெச்சுட்டேன்னு சொல்லுங்க," என்றாள். "அவருக்கும் சேர்த்து."

மொழிபெயர்ப்பாளர் அதையும் ஒரு வார்த்தை விடாமல் நீதிபதிக்குச் சொன்னார்.